டீசல் காரா, பெட்ரோல் காரா?

(இலத்தூரில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் பாடம் நடத்துகிறவன் காரைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற கூட்டத்தில் பிசான நெல்லுக்கு மேலுரம் இடுவதைப் பற்றிப் பேசி முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். உரத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் வந்தன. மூன்றாவதாக எழுந்த அண்ணாச்சி ஒருவர், "சார், வீட்டுக்கு ஒரு கார் வாங்கலாம் என்று இருக்கிறோம். டீசல்தான் மைலேஜ் கொடுக்கும் என்கிறான் மகன். பெட்ரோலே போதும் என்கிறார் மருமகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் அதன்பின் ஒரு மணி நேரம் நடந்த பேச்சு முழுவதும் அதைப் பற்றியேதான். கணக்கோடு வந்து பேசுகிறேன் என்று அன்று வாக்குக் கொடுத்தேன்.

கேள்வி சாதாரணமானதன்று. பத்து இலட்சம் ரூபாய்க் கார் என்பது நம்மில் பலருக்கு நிலத்துக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியான செலவாகும். அதில் டீசல் என்ஜின் என்பதற்காக மட்டும் ஒன்றேகால் இலட்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் நல்ல கறவை மாடு ஒன்று வாங்கலாம். மிச்சத்தில் கொட்டகையும் போடலாம். திரும்பி வருமா, வராதா என்று பாராமல் அந்தப் பணத்தைக் கொடுப்பது முறையாகாது.

பம்புசெட்டில் நாம் முன்பே கற்ற பாடம்

உண்மையில் இந்தக் கேள்விக்கு விடை உங்களுக்கு முன்பே தெரியும். கிணற்றுப் பாசனத்துக்கு மின் இணைப்புக் கிடைக்காத காலத்தில், ஆண்டு முழுவதும் தண்ணீர் இறைத்தவர்கள் என்ன வாங்கினார்கள்? ஆயில் என்ஜின் என்று நாம் சொல்லும் டீசல் என்ஜினைத்தான். கனம் அதிகம், விலை அதிகம், சத்தமும் அதிகம். ஆனால் மணிக்கணக்கில் ஓடினாலும் எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகும். அதே ஊரில், குளத்துத் தண்ணீர் வற்றும் கடைசிப் பத்து நாளைக்கு மட்டும் வாய்க்காலிலிருந்து இறைக்க வேண்டியவர்கள், தலைச்சுமையாகத் தூக்கிப் போகக்கூடிய சிறிய பெட்ரோல் மண்ணெண்ணெய்ப் பம்பை வாங்கினார்கள், அல்லது வாடகைக்கு எடுத்தார்கள். அது எண்ணெயை அதிகம் குடிக்கும்தான். ஆனால் பத்து நாளில் எவ்வளவு குடித்துவிடப் போகிறது?

1990-க்குப் பிறகு நம் மாநிலத்தில் பாசனப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானதும், மின் இணைப்புப் பெற்றவர்களின் ஆயில் என்ஜின்கள் பல மூலையில் உட்கார்ந்துவிட்டன. என்ஜின் கெட்டுப்போகவில்லை, விலைதான் மாறியது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், காரைப் பற்றி நான் சொல்லப் போவது அனைத்தும் எளிதில் விளங்கும்.

டீசல் ஏன் சிக்கனமானது?

நெல்லை மரக்காலில் அளப்பதற்கும் எடை போடுவதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். பெட்ரோலையும் டீசலையும் நாம் லிட்டரில் அளந்து வாங்குகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம் எடையிருக்கும். ஒரு லிட்டர் டீசல் 830 கிராம் அளவில் இருக்கும். கனமான எண்ணெய் என்பதால், லிட்டர் ஒன்றுக்கு டீசலில் பத்து சதத்துக்கும் மேல் கூடுதலான எரிசக்தி அடங்கியுள்ளது. ஆகவே டீசல் கார் அதிக மைலேஜ் தருவதில் ஒரு பங்கு அளவையினால் வருவது.

மற்றொரு பங்கு என்ஜினால் வருவது. பெட்ரோல் என்ஜின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கி, பிளக்கின் தீப்பொறியால் கொளுத்துகிறது. டீசல் என்ஜினில் பிளக்கின் தீப்பொறிக்கு வேலையில்லை. வெறும் காற்றைப் பதினாறில் ஒன்று, பதினெட்டில் ஒன்று என்ற அளவுக்கு அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அமுக்கிய காற்று பழுக்கச் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானே தீப்பிடிக்கிறது. அமுக்கம் கூடும்போது அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுகிறது. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவையும் கிடைக்கும். புளியரை எஸ் வளைவில் பாரத்தோடு ஏறும் வண்டிகளை நின்று பார்த்தால் இது விளங்கும்.

இந்த அமுக்கத்தைத் தாங்க என்ஜின் கனமாக இருக்க வேண்டும்; பீய்ச்சும் பம்பும் நாசிலும் மிக நுட்பமாகக் கடைந்தவையாக இருக்க வேண்டும். டீசல் காரின் விலை கூடுவதற்குக் காரணம் இதுவே. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ல் இந்த என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை என்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெய் ஊற்றியே ஓட்டினார்கள் என்பது நிலக்கடலை போடுகிறவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இன்று கடலை எண்ணெய் விற்கும் விலையில் அதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

நாட்டுக்கு நாடு மாறிய கணக்கு

என்ஜின் எங்கும் ஒன்றுதான் என்றால், எல்லா நாட்டிலும் டீசல் கார் ஒரே மாதிரி விற்றிருக்க வேண்டுமல்லவா? அப்படி இல்லை.

ஐரோப்பாவில் பல நாடுகள் டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவாக வரி போட்டன. அங்கு 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார்களாக இருந்தன. அமெரிக்காவிலோ மத்திய வரி 1993 முதல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 18.4 சென்டு, டீசலுக்கு 24.4 சென்டு. அதாவது டீசலுக்கே வரி அதிகம். மேலும் 1978-ல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் கொண்டுவந்த டீசல் கார்கள் அடிக்கடி பழுதாகி, டீசல் கார் என்றாலே அந்நாட்டார் முகம் சுளிக்கும்படி ஆயிற்று. அங்குச் சுமை இழுக்கும் பெரிய பிக்கப் வண்டிகளில்தான் டீசல் நிலைத்தது. வீட்டுக் கார்களில் அது நூற்றுக்குச் சில என்ற அளவைத் தாண்டவில்லை.

பிரேசில் நாட்டின் செய்தி உழவர்களாகிய நாம் கவனிக்கத்தக்கது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976-ல், டீசலை லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் ஒதுக்கிவிட்டு, சாதாரணக் கார்களில் டீசல் என்ஜினையே அந்நாட்டு அரசு தடை செய்துவிட்டது. கார்களுக்குக் கரும்புச் சாராயத்திலிருந்து எரிபொருள் கண்டார்கள். ஜப்பானில் டோக்கியோ ஆளுநராக இருந்த இஷிஹாரா, 1999-ல் டீசல் வண்டிகளின் கரிப்புகையை ஒரு பாட்டிலில் அடைத்து எல்லாருக்கும் குலுக்கிக் காட்டினார். 2003 முதல் புகை கக்கும் டீசல் வண்டிகளுக்கு அந்நகரில் இடமில்லாமல் போயிற்று.

புகையைப் பற்றிய அச்சம் வீண் அச்சமன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. 2015 செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தைத் தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது. அதன் பிறகு ஐரோப்பாவிலும் சரிவுதான். பாதிக்கு மேல் இருந்த டீசல் காரின் பங்கு 2024-ல் 12 சதம் அளவுக்கு இறங்கிவிட்டது.

நம் பெயரைச் சொல்லி வந்த மலிவு

இனி நம் நாட்டுக்கு வருவோம். லாரிக் கட்டணம் ஏறக்கூடாது, பேருந்துக் கட்டணம் ஏறக்கூடாது, உழவருக்குச் செலவு கூடக்கூடாது என்ற நோக்கில் டீசல் விலையை அரசு நெடுநாள் தாழ்த்தியே வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு நீங்கியது, டீசலுக்கு நீங்கவில்லை. அதனால் 2012 மே மாதக் கடைசியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ. 73.18, டீசல் ரூ. 40.91. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! கார் வாங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த ஆண்டுகளில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி டீசல் கார்களே.

அந்த மலிவு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு நாடு முழுவதும் ஓர் ஆய்வு செய்து, 2014 ஜனவரியில் வெளியிட்டது. நாட்டில் விற்கும் டீசலில் வேளாண்மைக்குச் செல்வது சுமார் 13 சதம் என்று அது கண்டது. சொந்தக் கார்களும் ஜீப்புகளும் குடித்ததும் ஏறத்தாழ அதே 13 சதம்! டிராக்டர், பவர் டில்லர், ஆயில் என்ஜின், அறுவடை இயந்திரம் எல்லாம் சேர்ந்து குடித்த அளவைச் சொந்தக் கார்கள் மட்டுமே குடித்திருக்கின்றன. "டீசல் மானியம் விவசாயிக்கு" என்று பேசப்பட்ட காலத்தில், பட்டணத்துக் கார்களும் நம் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன. மானியத்தை நிறுத்தும்போதும் அது நம்மையும் சேர்த்தே நிறுத்தியது. டிராக்டருக்கு ஊற்றும் டீசலுக்கென்று தனி விலை வைக்கவில்லை. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

2013 ஜனவரி முதல் மாதந்தோறும் லிட்டருக்கு 50 காசு வீதம் டீசல் விலையை ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. பின்னர் கலால் வரியும் ஏறியது. 2020 ஜூன் 24 அன்று தில்லியில் பெட்ரோல் ரூ. 79.76, டீசல் ரூ. 79.88. டீசல் பெட்ரோலையே தாண்டிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ற கருவிகளைச் சிறிய டீசல் காரில் பொருத்தினால் விலை கட்டுப்படியாகாது என்று, நாட்டிலேயே அதிகக் கார் விற்கும் மாருதி நிறுவனம் டீசல் கார்களை அடியோடு நிறுத்திவிட்டது. இன்று நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் டீசல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை பெரிய ஜீப் வகைகளே. பாரம் ஏற்றுகிற நம் குட்டி யானையைப் பாருங்கள். 2005-ல் டீசலாக வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கே 2020-ல் பெட்ரோல் வகையும் வந்துவிட்டது.

ஒரே கார், மூன்று விடை

இப்போது கணக்கைப் போடுவோம். ஒரே காரில் பெட்ரோல் வகை லிட்டருக்கு 16 கிலோமீட்டரும், டீசல் வகை 20 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். டீசல் வகையின் விலை ரூ. 1,25,000 கூடுதல். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் பார்க்கும் காருக்குரிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2012-ன் தில்லி விலையை எடுத்துக்கொண்டால், பெட்ரோலுக்கு 73, டீசலுக்கு 41 என்று வைத்து, கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு ரூ. 4.56; டீசல் செலவு ரூ. 2.05. மிச்சம் ரூ. 2.51. கூடுதலாகக் கொடுத்த ஒன்றேகால் இலட்சம் திரும்ப வருவதற்கு 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

2020 ஜூன் விலையில் இரண்டும் லிட்டர் 80 ரூபாய். பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 5 ரூபாய். டீசல் செலவு 4 ரூபாய். மிச்சம் ஒரே ரூபாய். பணம் திரும்ப வருவதற்கு 1,25,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

2025-ன் சென்னை விலை பெட்ரோலுக்கு 101 ரூபாயை ஒட்டியும், டீசலுக்கு ரூ. 92.50-ஐ ஒட்டியும் இருந்தது. பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு ரூ. 6.31, டீசல் செலவு ரூ. 4.62. மிச்சம் ரூ. 1.69. பணம் திரும்ப வருவதற்கு 74,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

காரும் அதுவே, மைலேஜும் அதுவே. எட்டே ஆண்டுகளில் விடை 50,000-லிருந்து 1,25,000-க்குப் போய்விட்டது. "டீசல்தான் மைலேஜ்" என்று மகன் சொல்வது பொய்யன்று. ஆனால் மைலேஜ் கணக்கில் ஒரு பாதிதான். அடுத்த பாதி பங்க்கில் எழுதிப் போட்டிருக்கும் விலையில் இருக்கிறது. அதற்கும் மேலாக, நீங்கள் ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்பதில் இருக்கிறது.

இலத்தூரில் குடியிருந்து பயிர் செய்கிற ஒருவர் எவ்வளவு ஓட்டுவார்? வாரம் இரண்டு முறை தென்காசி. போகவரத் தாராளமாக 20 கிலோமீட்டர் வைப்போம். வாரம் ஒரு முறை பாவூர்சத்திரம் மார்க்கெட், 40 வைப்போம். மாதம் ஒரு முறை திருநெல்வேலி, 130 வைப்போம். ஆண்டுக்கு இவை 5,720 கிலோமீட்டர் ஆகின்றன. கல்யாணம், கோயில், மருத்துவமனை, விருந்தாளியைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவது என்று இன்னும் 2,000 சேர்த்தாலும் 8,000-ஐத் தொடவில்லை.

8,000 என்றே வைத்துக்கொண்டால் டீசல் காரினால் ஆண்டுக்கு மிச்சம் 13,500 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றேகால் இலட்சத்தைக் கடனாக வாங்கியிருந்தால் நூற்றுக்குப் பத்து வட்டியில் முதல் ஆண்டு வட்டி மட்டும் 12,500 ரூபாய். மீதி ஆயிரம் ரூபாய். காரின் விலை கூடுவதால் ஆயுள் வரி கூடும், காப்பீடு கூடும், சர்வீஸ் செலவும் டீசலுக்குக் கூடுதலே. அந்த ஆயிரமும் போய், கையிலிருந்தும் கொடுக்க வேண்டிவரும். கடன் இல்லாமல் கைப்பணம் போட்டு வாங்குகிறவருக்கும், பணம் திரும்ப வர ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அந்த அண்ணாச்சிக்கு என் பதில்: மருமகன் சொல்வதே சரி.

ஒரு விஷயம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பெட்ரோல் கார்களின் மைலேஜ் சிறிது குறையும். கரும்பும் மக்காச்சோளமும் அந்த எத்தனாலாகப் போகின்றன என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது விளம்பரத்தில் உள்ள மைலேஜைப் போடாதீர்கள். அதே வகைக் கார் வைத்திருப்பவரிடம் கேட்டு, உண்மையில் ஓடுவதைப் போடுங்கள். அளக்கும் முறை எளிது. டேங்கை முழுவதும் நிரப்பி, மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 300 கிலோமீட்டராவது ஓட்டியபின் அதே பங்க்கில் மறுபடியும் முழுவதும் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுக்க வேண்டும். காரின் கண்ணாடித் திரை காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம்.

கரி வடிகட்டியும் யூரியாவும்

புதிய டீசல் கார்களில் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. விற்பனையாளர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்குழாய்ப் பாதையில் தேன்கூடு போன்ற ஒரு வடிகட்டி இருக்கும். கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது அந்தக் கூடு 600 டிகிரி அளவுக்குச் சூடாகி, சேர்ந்த கரி எரிந்து சாம்பலாகும். ஆனால் இலத்தூரிலிருந்து தென்காசிக்குப் போய், கடைவீதியில் நின்று நின்று திரும்புகிற வண்டிக்கு அந்தச் சூடு எப்படி வரும்? கரி சேர்ந்து கூடு அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது வண்டியை நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் இருபது நிமிடம் போல் ஓட்ட வேண்டும். விளக்கைப் பாராமல் விட்டுவிட்டால் ஒர்க்ஷாப் செலவு பெரிதாகும். தினமும் நெடுந்தூரம் போகிறவருக்கு இது ஒரு தொல்லையே அன்று. குறுந்தூரம் போகிற நமக்குத்தான் தொல்லை.

சில வகை டீசல் வண்டிகளில் டீசல் டேங்கோடு ஒரு சிறிய யூரியா டேங்கும் இருக்கும். ஆம், நாம் வயலுக்கு இடும் அதே யூரியாதான்; 32.5 சதக் கரைசலாகப் புகைப்பாதையில் பீய்ச்சப்பட்டு, நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றுகிறது. வீட்டில் இரண்டு மூட்டை யூரியா கிடக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன என்று நினைத்துவிடக் கூடாது. நமக்குக் கிடைக்கும் மானிய யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவது. அந்த எண்ணெயும் உர யூரியாவில் உள்ள பிற கலப்பும் கருவியை அடைத்துப் பாழாக்கிவிடும். மானிய யூரியாவை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும். வண்டிக்கென்று சுத்திகரித்து விற்கும் கரைசலையே ஊற்ற வேண்டும்.

டீசல் யாருக்கு ஏற்றது?

டீசலே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றாலச் சீசனுக்கும், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்கும் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு நடை அடிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் மேற்சொன்ன கணக்குப்படி டீசலால் மிச்சம் 42,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் கூடுதல் விலை திரும்பிவிடும். அதன்பின் வருவது இலாபம். பாரத்தோடு மலை ஏறும்போது டீசலின் இழுவைக்கு ஈடில்லை. இவர்கள் தயங்காமல் டீசல் வாங்கலாம். வழியில் கேஸ் நிரப்பும் இடங்கள் உள்ளனவா என்று பார்த்து, சி.என்.ஜி. வண்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பண்ணைக் கருவிகளுக்கும் இதே கணக்குத்தான். டிராக்டரும் பவர் டில்லரும் டீசலாகவே இருக்கும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் களையெடுக்கும் பவர் வீடரில் இரு வகையும் உண்டு. சொந்தத் தோட்டம் இரண்டு ஏக்கரில் ஆண்டுக்குச் சில நாள் ஓட்டுகிறவருக்கு, திருப்ப எளிதான இலேசான பெட்ரோல் வீடர் போதும். ஊரெல்லாம் வாடகைக்கு ஓட்டுகிறவர் டீசலைப் பார்க்கலாம்.

பழைய டீசல் கார் வாங்குவோருக்கு

கடைசியாக, பழைய டீசல் கார். இதில்தான் சிறு உழவர் அதிகம் ஏமாறுகிறார்கள். புதுக் காரைவிட விலை மலிவு, மைலேஜும் உண்டு என்று ஆசை வருவது இயல்பு. தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பின் அங்கிருந்து பல கார்கள் வெளிமாநிலங்களுக்கு விற்பனைக்குப் போயின. வெளிமாநில வண்டியானால், புறப்பட்ட ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கட்ட வேண்டும். 15 ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. விலை பேசும்போது இவற்றையெல்லாம் கழித்துப் பேச வேண்டும்.

காரை மாலையில் போய்ப் பார்க்காதீர்கள். விற்கிறவர் பகலெல்லாம் ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். அதிகாலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல டீசல் என்ஜின் முதல் திருப்பிலோ இரண்டாம் திருப்பிலோ பிடித்துக்கொள்ளும். நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் அமுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது நாசில் கெட்டிருக்கலாம். என்ஜின் சூடான பிறகும் நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது விடாமல் கரும்புகை வந்தால் பம்பையும் நாசிலையும் பார்க்க வேண்டும். வெண்புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, என்ஜின் ஓடும்போது அங்கிருந்து புகை தள்ளுகிறதா என்று கவனியுங்கள். தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பி.எஸ்.6 காரானால் கரி வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை வைத்திருக்கிறார்களா என்று ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்த வண்டி புகைச் சோதனையிலும் எஃப்.சி.யிலும் நிற்காது. இவ்வளவும் சரியாக இருந்து, நாசில்களும் பம்பும் சோதித்த ரசீதையும் விற்கிறவர் காட்டினால், அட்வான்ஸ் கொடுப்பதைப் பற்றி அதன்பின் பேசலாம்.